காப்பிப் பொடி இல்லாத காப்பி

ஸ்ரீரங்கத்தில் காப்பி என்றால் டிகிரி காப்பிதான். முதல் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி, தண்ணீர் கலக்காத பால் பொங்கி, டபரா டம்ளரில் நுரையோடு வந்தால்தான் பொழுது விடிந்ததாகக் கணக்கு. வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் அந்த மாமிக்கு வயது எழுபதை நெருங்குகிறது. காப்பி விஷயத்தில் ரொம்பக் கறார். வெளியில் வாங்கிக் குடிக்கிற வழக்கமே கிடையாது.

மாமா இருந்தவரை காலையில் ஒரு காப்பி சமையலறையில், சாயங்காலம் ஒரு காப்பி திண்ணையில். மாமா போய் இரண்டு வருஷமாகிறது. பெண் பெங்களூரில் இருக்கிறாள். திண்ணைக் காப்பியை மாமி தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரியில் தூக்கம்தான் வரவில்லை.

"மத்தியானத்துக்கு மேல காப்பி வேண்டாம் மாமி" என்று சொல்லிவிட்டார் டாக்டர். குடித்த காப்பியின் காஃபீனில் பாதி உடம்பிலிருந்து குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். மாமி நிறுத்திவிட்டார். ஆனால் தினமும் சாயங்காலம் 6 மணி வரத்தானே செய்கிறது? அந்த நேரத்தை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அதே நேரத்துக்குத்தான் அந்த சைக்கிளும் வரும். பின்னால் எவர்சில்வர் கேன், அதன் அடியில் கரி நெருப்பு, பக்கத்தில் ஒரு குழாய். திருச்சி உறையூரில் கிளம்பி, சத்திரம் பேருந்து நிலையம் வழியாகக் காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலை தாண்டி ஸ்ரீரங்கம் வருகிறார் அந்த மனிதர். "சுக்குக் காப்பி... சூடா சுக்குக் காப்பி" என்ற குரலை மாமி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார். ஒரு நாளும் வாசலுக்கு வந்ததில்லை.

மார்கழியில் ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. மாமி வீட்டு டம்ளரோடு வாசலுக்கு வந்தார். முதல் வாய் தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. சுக்குக் காரம், மல்லி விதை வாசனை, கொஞ்சம் மிளகு, கடைசியில் கருப்பட்டித் தித்திப்பு.

"ஏம்ப்பா, இதுல காப்பிப் பொடியே இல்லையே? அப்புறம் எதுக்குக் காப்பின்னு பேரு?"

"எங்கப்பா வச்ச பேரும்மா. நான் மாத்தலை."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளும் டம்ளரோடு வந்தார். சுக்கின் மேல்தோலைச் சுரண்டி எடுக்கிறாரா என்று விசாரித்தார். "சுரண்டாம போட்டா எங்கப்பா கேனைத் தூக்கிப் போட்டுருவாரும்மா" என்றார் அவர். மாமிக்குத் திருப்தி. "சுக்குக்கு மிஞ்சின மருந்து இல்லை" என்று பெண்ணிடம் போனில் சொன்னார். பழமொழியின் அடுத்த பாதி முருகனைப் பற்றியது. ரங்கநாதர் கோயில் வீதியில் இருந்துகொண்டு அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று டாக்டர் எச்சரித்ததால், அரை டம்ளரோடு சரி. குடிக்க இரண்டு நிமிஷம், பேச ஐந்து நிமிஷம். அவர் மகள் பத்தாவது படிக்கிறாள், கணக்கு வரவில்லை என்பது வரை மாமிக்குத் தெரிந்துவிட்டது.

தை மாதத்தில் ஒரு நாள் மாமி வாசலுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்தவர், ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். "அந்தம்மா ரெண்டு நாளா டம்ளர் எடுத்துட்டு வரலீங்க. கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்க."

உள்ளே மாமி கடும் காய்ச்சலில், எழுந்திருக்கவும் முடியாமல் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பெண்ணுக்குப் போன் போனது. ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டாள். தினமும் காலையில் பேசுகிற அம்மா, முந்தின நாள் "லேசா ஜலதோஷம்" என்று சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள். வாசலில் ஒரு டம்ளர் குறைந்ததைக் கவனித்தது அந்த சைக்கிள்காரர்தான்.

உடம்பு தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னார் மாமி. மாமாவின் டபரா டம்ளரை எடுத்துத் துலக்கி, முதல் டிகாக்‌ஷனில் காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அந்த டம்ளர் அலமாரியை விட்டு இறங்கியது அன்றுதான்.

அவர் ஆற்றி ஆற்றி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். மாமி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிப்பா இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கும்மா" என்றவர், கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஒரு துளி சுக்கு தட்டிப் போட்டிருந்தா, இன்னும் நல்லாருந்திருக்கும்."