பல கை பட்ட கார்பேட்டர்

கார்பேட்டரைத் திறப்பதற்கு முன்பே மெக்கானிக் பாய் அதன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடிக் கப்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்து, பிளஸ் குறி இருந்த இடம் குழியாகிக் கிடந்தது. "ஜப்பான் ஸ்க்ரூ சார். அதோட பிளஸ் கொஞ்சம் வேற மாதிரி. நம்ம ஸ்டார் டிரைவரப் போட்டு அழுத்தினா மேல எழும்பி வழுக்கும். எத்தன பேரு வழுக்கியிருக்காங்கன்னு பாருங்க." அவர் கையில் இருந்ததும் ஸ்டார் டிரைவர்தான். ஆனால் அதன் முனையை எமரிச் சக்கரத்தில் தேய்த்து, அந்தக் குழிக்குள் அடிவரை உட்காரும்படி செய்திருந்தார்.

பட்டறை சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான்களாக விற்கும் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஆர்.டி. 350 வைத்திருப்பவர்களுக்கு இடம் தெரியும், அது போதும் என்கிறார் பாய். நான் போயிருந்தபோது ஒரு ராஜ்தூத் ஆர்.டி. எலும்புக்கூடாக ஸ்டாண்டில் நின்றது. டேங்க் பெயின்டுக்குப் போயிருந்தது. இரண்டு மிகுனி கார்பேட்டர்களும் ஆளுக்கொரு அலுமினியத் தட்டில் இருந்தன. இடது, வலது என்று தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. இரண்டின் சாமான்களும் கலந்துவிடக் கூடாது என்பதில் பாய் கறார்.

இந்த வண்டியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். யமஹாவின் தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இதை இந்தியச் சாலையில் இறக்கியது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சி.சி., ஆறு கியர். அன்றைய புல்லட் 350, 18 குதிரைத் திறனோடு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது இது 30.5 காட்டியது. சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் இதன் அலறலைக் கேட்டவர்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் வாங்க வந்தவர்கள் கேட்டது மைலேஜ். நிறுவனமும் இறங்கிவந்து, திறனை 27 ஆகக் குறைத்து 'லோ டார்க்' என்று இன்னொரு வகையை விட்டது. அதிலும் யாருக்கும் மனம் ஆறவில்லை. மிச்ச வேலையை ஊர் ஊராக மெக்கானிக்குகள் கையிலெடுத்தார்கள். இந்தக் கார்பேட்டர்களில் இருப்பது அவர்களின் கைவரிசை.

இடது கப் கழன்றதும் புளித்த பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. அடியில் பழுப்பு நிறப் பிசின். ஓரங்களில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளைத் தூள். உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு, தண்ணீர் தங்கினால் இப்படித்தான் அரிக்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்தக் காலத்து ரப்பரையும் கெடுக்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இது அவ்வளவு பெரிய தொல்லையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்குத்தான் ஆபத்து. "நிறுத்தி வைக்கிறதுக்கு முன்னால கப்பைக் காலி பண்ணுங்கன்னு சொன்னா யாரும் கேக்கறதில்ல" என்றார் பாய்.

மெயின் ஜெட்டைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர், பேசாமல் என்னிடம் நீட்டினார். ஊசி முனையளவுத் துளை வட்டமாக இல்லை, பிறைபோல் இருந்தது. யாரோ உள்ளே ஒரு செப்புக் கம்பி இழையை நுழைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் குறைவாகப் போகும், மைலேஜ் கூடும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தப்பு என்று பாய் ஸ்லைடைக் கையால் தூக்கிக் காட்டி விளக்கினார். ஆக்சிலேட்டரை எட்டில் ஒரு பங்கு திருகும்வரை பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். கால்வாசித் திறப்பு வரை ஸ்லைடின் அடியில் வெட்டிய சரிவு கலவையைத் தீர்மானிக்கிறது. அங்கிருந்து முக்கால்வாசி வரை நீடில். அதற்கும் மேலே போனால்தான் மெயின் ஜெட்டின் ராஜ்யம். அண்ணா சாலை நெரிசலில் போகிறவன் மெயின் ஜெட்டின் எல்லைக்கே போவதில்லை. ஆக, ஊருக்குள் இந்த ஈயத்தால் காலணா மிச்சமில்லை. பைபாஸில் முழுசாக முறுக்கும்போது மட்டும் பெட்ரோல் பற்றாமல் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இந்த வண்டிக்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு இப்படி ஈயம் வைத்தவர்களைச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

நீடிலிலும் இதே கதைதான். கிளிப் மாட்ட ஐந்து வெட்டுகள் உண்டு. வலது பக்கம் நடு வெட்டில் இருந்தது. இடது பக்கம் உச்சி வெட்டில் மாட்டி நீடிலைக் கீழே இறக்கியிருந்தார்கள். ஒரே எஞ்சினில் ஒரு சிலிண்டர் வயிறாரச் சாப்பிட, மற்றது பட்டினி.

சுத்தம் செய்யும் வேலைதான் நேரத்தைத் தின்றது. கிரிட் பிளாஸ்டிங் செய்து பளபளவென்று கொடுப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பாய்க்கு அது ஆகாது. ஒரு மணல் துகள் பைலட் வழிக்குள் ஒளிந்துகொண்டால் தேடவே முடியாது என்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடைகளில் இருப்பது மாதிரியான அல்ட்ராசோனிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுத்து, ஒவ்வொரு துளைக்கும் காற்றடித்து, மறுமுனையில் விரல் வைத்துச் சோதிக்கிறார். பைலட் ஜெட்டை நைலான் இழையால் மட்டும்தான் குத்தலாம். இரும்புக் கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும்.

கூட வேலை செய்யும் தம்பிக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்பேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதனால் அவன் காலையில் வேறொரு இடத்தில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு படிக்கக் கற்றுக்கொண்டு, மதியம் இங்கே வருகிறான். மிதவையைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு நீடில் வால்வைத் தொடும் நொடியில் ஸ்கேல் வைத்து உயரம் பார்த்தான். "பாய், அரை மில்லி கம்மி." பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாக்க வளை. மிதவைய அமுக்காத."

புது ஜெட்டுகள் ஒரிஜினல். டூப்ளிகேட்டில் மேலே அடித்திருக்கும் நம்பருக்கும் உள்ளே இருக்கும் துளைக்கும் சம்பந்தமே இருக்காதாம். இதற்கெல்லாம் ஆகும் செலவை வண்டிக்காரர்கள் முணுமுணுத்தபடிதான் தருகிறார்கள். குரோமுக்கும் பெயின்டுக்கும் பேரம் பேசாதவர்கள்கூட இங்கே பேசுகிறார்கள். போட்டோவில் தெரியாத வேலைக்குக் கூலி குறைவுதான், அது புதுப்பேட்டைக்கு மட்டுமான வழக்கமும் அல்ல.

டேங்கும் பெயின்ட் ஆகி வந்து, எல்லாம் மாட்டியபின் ட்யூனிங். ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்று மூன்றாகப் பிரிகிறது: இரண்டு கார்பேட்டருக்கும் ஆயில் பம்புக்கும். இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் ஒரே அளவுள்ள ட்ரில் பிட் தண்டை வைத்து, கேபிளை இழுக்கும்போது இரண்டும் ஒரே கணத்தில் கழன்று விழுகிறதா என்று பார்த்தார். முதலில் இடது முந்தியது. அட்ஜஸ்டரைக் கால் திருகு திருகியதும் இரண்டும் சேர்ந்து விழுந்தன. ஏர் ஸ்க்ரூவுக்கு அளவுகோல் அவர் காதுதான்.

வண்டி உதையில் கிளம்பியது. தம்பி தூரமாக ஓட்டிப்போய், முழு வேகத்தில் எஞ்சினை அணைத்து, உருட்டி வந்து இரண்டு பிளக்கையும் கழற்றினான். வலது பிளக் நல்ல டீ நிறம். இடது வெளிறியே இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஜெட் ஒன்றே, நீடில் வெட்டு ஒன்றே, மிதவை உயரம் ஒன்றே. கார்பேட்டரில் இனி சந்தேகப்பட எதுவுமில்லை.

பாய் எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, மேக்னெட் பக்கத்து மூடியைக் கழற்றி, கிராங்க் சீல் இருக்கும் இடத்தில் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்தார். எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. தேய்ந்த சீல் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. இடது பிளக் வெளிறியதற்குக் காரணம் அந்தக் காற்று. முன்னால் வந்தவர்கள் எல்லோரும் கார்பேட்டரைத்தான் நோண்டியிருக்கிறார்கள்.

"போன் போட்டு வண்டிக்கார சாருக்குச் சொல்லு" என்றார் தம்பியிடம். "மேக்னெட்டைக் கழட்டணும், ரெண்டு நாள் ஆகும். கார்பேட்டர் ரெடின்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் இதச் சொல்லு."