ஷா ஆலம் பக்கம் வாடகை வீடு

கெடாவிலிருந்து வேலை மாறி வரும் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் கேட்டாங்க: "அண்ணே, ஷா ஆலம்ல எந்தத் தாமான்ல வீடு பாக்கலாம்?" சின்னப் பிள்ளைங்க ரெண்டு. வாடகை கம்மின்னு ஒரு தரை வீட்டைப் பாத்து வச்சிருக்காங்க.

2021 டிசம்பர் வெள்ளத்துல தாமான் ஸ்ரீ மூடா மூழ்கினது நமக்குத் தெரியும், அவங்களுக்கு எப்படித் தெரியும்? புதுப் பெயிண்ட் அடிச்சா சுவத்துல தண்ணிக் கறை தெரியாது. பக்கத்து வீட்டுல கேளுங்கன்னு சொன்னேன். டிபாசிட் ரெண்டு மாசம், தண்ணி கரண்டுக்கு அரை மாசம், முதல் வாடகை; மொத்தம் மூணரை மாசக் காசு. கையில உள்ளது அவ்வளவுதான்.

மூத்தவன் அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி தூரம்னா வேன் காசையும் வாடகையோட கூட்டிப் பாக்கணும். ஞாயிறு உபயம் முடிஞ்சதும் நானும் கூடப் போறேன். மேட்டுப் பகுதியில வீடு காலியா இருந்தா கீழே எழுதுங்க.