கல் காத்த அமானிதம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலைக்கு மேற்கே, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருவக்கரை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள செம்மண் மேட்டில், வெட்டிச் சாய்த்தவை போல நெடிய மரங்கள் கிடக்கின்றன. அருகிற் சென்று தொட்டால் குளிர்ந்த கல்! ஆயினும் கணுவும் வளையங்களும் அப்படியே தெரிகின்றன.

ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அடித்து வந்த மரங்கள் இவை. கிளையோ, இலையோ, வேரோ எஞ்சாமைக்கு அதுவே காரணம் என்பர். மணலுக்கடியில் புதைந்த மரத்தினுள், சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊறியது. மரம் சிறுகச் சிறுக மறைய, அதன் இடத்தில் சிலிக்கா படிந்தது. பொருள் மாறிற்று, உருவம் மாறவில்லை. இவற்றுள் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு அறிஞர் இவற்றைப் பற்றிக் குறித்து வைத்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது.

சிலிக்கா வேறெங்கோ உள்ள அரும்பொருளன்று. ஆற்று மணலும் சன்னல் கண்ணாடியும் பெரும்பாலும் அதுவே. திருவக்கரையில் அது மரத்தின் உருவைக் காத்தது. கடல் கடந்த சில இடங்களிலோ வாயுவையே சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவில் கிடைத்த மெலனோஃப்ளோகைட் என்னும் அரிய கனிமத்தில் சிலிக்கா நுண்ணிய கூண்டுகளாக அமைந்து, உள்ளே மீத்தேன் முதலிய வாயுக்களை அடைத்துள்ளது. சூடேற்றினால் அது கருத்துவிடும். ஜப்பானின் சிபா பகுதியில் கிடைத்து, 2011இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட சிபாயைட் என்னும் கனிமத்தின் கூண்டுகள் இன்னும் பெரியவை. சாண எரிவாயுவில் உள்ள மீத்தேனோடு, நம் அடுப்படி சிலிண்டரில் உள்ள புரொப்பேனும் அவற்றுள் அடங்கியிருக்கிறது. அக்கல் உருவான காலத்தில் மண்ணுக்கடியில் என்ன வாயு இருந்தது என்பதை அதுவே நமக்குச் சொல்கிறது.

கல்லிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் இவ்வாறு கோடி ஆண்டுகள் பத்திரமாக இருக்கிறது. அது நம் கைக்கு வந்த பின்னரே ஆபத்து. திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகள் இயங்குகின்றன. காண வருவோரிலும், "ஒரு துண்டுதானே" என்று பையில் போட்டுக்கொள்ள நினைப்பவர் உண்டு. ஒடித்த கிளை மறுபடி துளிர்க்கலாம், கல்மரம் துளிர்க்காது. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், வளையங்களை எண்ணட்டும். திரும்பும்போது கை வெறுங்கையாகவே இருக்கட்டும்.