பத்தாயத்துக்குள் போன்

மே 18, 2025, ஞாயிறு

இந்த வருஷமும் ஊட்டி இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, போன வருஷம் மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. இந்த வருஷம் ஏப்ரல் முதல் அதற்கு மேல் எண்ணிக்கைக் கட்டுப்பாடு: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. மலை பாவம், அதற்கும் மூச்சுவிட வேண்டாமா? பாஸ் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் நடந்த சண்டையிலேயே பாதி லீவு போய்விட்டது. என் பிறந்த வீட்டுக்குப் பாஸ் வேண்டாம். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வருவதற்குள் ஐந்து ஆறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்திலும் மணல்தான். "எல்லாம் ஒரே மணலா இருக்கே, உனக்கு மட்டும் எப்படிம்மா பேர் தெரியுது?" என்றாள் சின்னவள். பாலத்தை வைத்துத்தான் எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமத்தில் 2022 சுதந்திர தினத்திலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஊதுகிறார்கள். ஊரே டிவியையும் போனையும் அணைக்கிறது. எட்டரைக்கு மறுபடி சைரன், அதன்பிறகு அவரவர் இஷ்டம். "அவங்க ஒன்றரை மணி நேரம் பண்றாங்க, நாம ஒரு வாரம் பண்ணுவோம்" என்றார். எங்கே வைப்பது? அப்பா கூடத்து மூலையிலிருக்கும் பத்தாயத்தைக் காட்டினார். நெல் இப்போது வயலிலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பத்தாயத்தில் பழைய பேப்பரும் ஓடாத ஃபேனும்தான். பெரியவன் மேலே ஏறி, மூடியைத் தூக்கி, மூன்று போனையும் ஒரு டேபையும் உள்ளே இறக்கினான். சவப்பெட்டியை மூடுகிற முகம்.

"மாமா, உங்களது?"

அப்பா சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை, இதுலதான் மோட்டாரே ஓடுது."

உண்மைதான். பம்புசெட்டில் கைப்பேசி ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். மும்முனைக் கரண்ட் வந்ததும் அது இவருக்குச் செய்தி அனுப்பும், இவர் திண்ணையிலிருந்தே அழைத்தால் மோட்டார் ஓடும். முன்பெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் போவார். எழுபது வயது தாண்டியவரிடம் போனை விடச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

மே 19, திங்கள்

விடிகாலை ஐந்தரைக்குப் பத்தாயம் அலறியது. அலாரத்தை அணைக்காமலே போட்டுவிட்டார் என் வீட்டுக்காரர். மரப்பெட்டிக்குள் அந்தச் சத்தம் தவில் மாதிரி அதிர்ந்து, வீடு முழுக்க எழுந்துவிட்டது. எழுந்ததும் நல்லதாகப் போயிற்று, பம்புசெட் குளியலுக்குக் கிளம்பினோம். தொட்டியில் விழுகிற தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டுச் சின்னவள் போட்ட கூச்சல் அடுத்த வயலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களையே நிமிர்ந்து பார்க்க வைத்தது. அரை மணியில் கரண்ட் போய்விட்டது. மின்சாரத்தை விட்டு ஓடிவந்தவர்கள் மின்சாரத்துக்காகக் காத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தோம்.

மே 20, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் 28 வரைக்கும். பகல் இரண்டு மணியைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. பெரியவனுக்கு இன்றைக்குச் சென்னை மேட்ச். ஆனால் இந்த ஐபிஎல்லில் சென்னை ஏற்கெனவே வெளியேறிவிட்டதால் விரதம் அவ்வளவாக வலிக்கவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

"உங்க காலத்துல ஒண்ணுமே இல்லாம எப்படிம்மா இருந்தீங்க?" என்று கேட்டான். ஒன்றுமே இல்லாமல் யார் இருந்தது? இந்தக் கூடத்தில் என் பெரிய மாமாவின் டிரான்சிஸ்டர் காலையிலிருந்து ராத்திரிவரை பாடும். இலங்கை வானொலி எங்கள் பக்கம் உள்ளூர் நிலையத்தைவிடத் துல்லியமாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டு நேரம் சொல்வாள் அத்தை. 1982-ல் ரூபவாகினி தொடங்கிய பிறகு, டெல்டாக் கரையோர ஊர்களில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டு இலங்கை டிவி பார்த்தார்கள். சொந்த நாட்டு தூர்தர்ஷன் பிறகுதான் வந்து சேர்ந்தது. அன்றைக்கும் பெட்டி இருந்தது. ஒரே பெட்டி, பதினெட்டுக் காது என்பதுதான் வித்தியாசம். மாமாவுக்குப் பிடித்த பாட்டை எல்லோரும் கேட்டுத்தான் ஆகவேண்டும், பிடிக்காதவர்கள் முனகிக்கொண்டாவது கேட்பார்கள். அந்த முனகலும் சேர்ந்ததுதான் லீவு. இப்போது இந்த வீட்டில் யாருக்கும் யாருடைய பாட்டும் காதில் விழ வேண்டியதில்லை.

மே 21, புதன்

அம்மா இன்று வடகம் போட்டாள். நாலு மணிக்கே எழுந்து அரிசிமாவையும் ஜவ்வரிசியையும் கூழாகக் கிண்டி, அரைத்த பச்சைமிளகாயும் பெருங்காயமும் போட்டு, ஆறியதும் எலுமிச்சை பிழிந்தாள். மொட்டைமாடியில் அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து விரித்தாயிற்று. கரண்டியால் ஒரு சொட்டு, அதைப் பின்பக்கத்தால் ஒரு சுழற்று. சின்னவளுக்கு வட்டமே வரவில்லை, இலங்கை வரைபடம்தான் வந்தது. பெரியவனுக்குக் காக்கா விரட்டும் உத்தியோகம். தண்ணீர்த் தொட்டி நிழலில் கம்போடு உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. ஒற்றைக்கால் ஊனமான காக்கா ஒன்று மற்றவைகளை அனுப்பிவிட்டுத் தான் பின்னால் வருகிறதென்று சாயங்காலம் எனக்கு அரைமணி நேரம் விளக்கினான். போன மாதம் முழுக்க அவன் என்னிடம் பேசியதைக் கூட்டினால் இவ்வளவு வராது. அடியில் பச்சையாக, மேலே தோல்கட்டி, மெல்லும்போது பல்லில் ஒட்டுகிற அரைக்காய்ச்சல் வடகத்தில் பாதியைக் காவல்காரனே தின்றிருந்தான்.

போனைப் பிடுங்கிப் பத்தாயத்தில் போட்டது மட்டும் ஒன்றும் செய்யவில்லை. நேற்றுவரை போனில்லாத அதே பையன்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு கம்பும், தோற்றால் திட்டு விழும் என்கிற பொறுப்பும் வந்தபிறகுதான் ஆள் மாறினான்.

மே 22, வியாழன்

அந்தக் கால லீவைப் பற்றி நான் உருகி உருகிப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று சொன்னாள்: "லீவு உனக்கு. எனக்கு அடுப்படி. மே மாசம் பொறந்தா உங்க அத்தைங்க புள்ளைகுட்டியோட வந்து எறங்குவாங்க. எங்கம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தங்குனா அதுவே பெரிசு."

அப்படியானால் அவள் எங்குமே போனதில்லையா? போயிருக்கிறாள். ஏழூருக்கு.

பங்குனி புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். அதைப் பார்த்தால் சீக்கிரம் கல்யாணமாகும் என்று "நந்தி கல்யாணம் முந்திக் கல்யாணம்" என்பார்கள். சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் புதுமணத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்புகிறார். சுவாமிக்கும் அம்மனுக்கும் கண்ணாடிப் பல்லக்கு, மாப்பிள்ளை பெண்ணுக்கு வெட்டிவேர்ப் பல்லக்கு. திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆறு ஊர். ஒவ்வொரு ஊர் சுவாமியும் தன் பல்லக்கில் ஏறிக் கூடவே புறப்பட்டு, ஏழும் சேர்ந்து திருவையாறு திரும்பும். அங்கே ஒரு பொம்மை சுவாமிக்குப் பூப்போடும், அதோடு முடிவு. தமிழ்நாட்டிலேயே இதைவிடப் பெரிய குடும்பச் சுற்றுலா உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"புளிச்சோறு கட்டிக்கிட்டு, உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நடப்பேன். அந்த ஒருநா அடுப்பு மூட்ட வேண்டாம். வழியெல்லாம் பானகமும் நீர்மோரும் தருவாங்க. ஆத்துல தண்ணி இல்லாததாலதான மணல்ல எறங்கிக் குறுக்கால நடக்க முடியும்?"

காய்ந்த ஆற்றைப் பார்த்து நான் நாலு நாளாகப் பெருமூச்சு விடுகிறேன். அவளுக்கு அது பாதை. நாங்கள் வருவதற்குள் இந்த வருஷப் பல்லக்கு போய்விட்டது. பிள்ளைகளின் லீவைப் பார்த்தோம், கோயில் பஞ்சாங்கத்தை யார் பார்த்தது?

மே 23, வெள்ளி

பட்டுக்கோட்டையிலிருந்து சித்தி வந்தாள். பத்தாயக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "இதெல்லாம் நாங்க கஜா வந்தப்பவே பாத்துட்டோம்." 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், அவர்கள் தோப்பில் தென்னையை வரிசை வரிசையாகச் சாய்த்துப்போட்டது. கரண்ட் வர வாரக்கணக்காயிற்று. ராத்திரி தெருவே வெளியில்தான். ஒரே அடுப்பில் பத்து வீட்டுக்குச் சோறு. அவ்வளவு பேச்சு அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லப்போகிறாள் என நான் எதிர்பார்த்தேன். "மெட்ராசுல இருந்த மவன்கிட்ட உசிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு ஜெனரேட்டர் கடையில காசு குடுத்து சார்ஜ் போட்டேன்டி. அந்த ஒரு கோடு ஏறுறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்" என்றாள். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு வட்காவ் பற்றிப் பேசவில்லை.

மே 24, சனி

தஞ்சாவூர் போனோம். சரஸ்வதி மகாலில் காசிப் படித்துறைப் படங்களைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் சரபோஜி காசிக்குப் புறப்பட்டபோது மூவாயிரம் பேர் கூடப் போனதாகச் சொல்வார்கள். போன இடத்தைப் படமாக்கிக் கொண்டுவரும் ஆசை ராஜாவுக்கும் இருந்திருக்கிறது. "அப்போ அவர் பண்ணா மட்டும் சரியா?" என்றான் பெரியவன், பெரிய கோயில் நந்தியோடு செல்ஃபி எடுக்க முடியாத கோபத்தில். கேட்டது நியாயம், பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது திருவையாற்றில் அசோகா சாப்பிட நுழைந்தோம். பாசிப்பருப்பும் நெய்யும் இலையில் வழிய, ஆளுக்கு இரண்டு முறை. பணம் கொடுக்கும்போதுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கியூஆர் அட்டை மேசையில் நின்றது, ஸ்கேன் செய்யும் போன் பத்தாயத்தில். அப்பா மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, மாப்பிள்ளை கண்ணில் படாமல் நீட்டினார்.

ஜூன் 17, செவ்வாய், சென்னை

12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். குறுவைக்கு வழக்கமான தேதி அது. போன வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-க்குத் தள்ளிப்போயிற்று, அதனால் அப்பா இந்த முறை மே மாதம் முழுக்க நீர்மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார், அதே போனில். 15-ஆம் தேதி கல்லணை. பள்ளிக்கூடம் திறந்தது ஜூன் 2. நாங்கள் படித்த காலத்திலும் இதே கதைதான்: பிள்ளைகள் பஸ் ஏறியபிறகு தண்ணீர் வரும்.

அடுத்த வீட்டுப் பையனை எடுக்கச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார் அப்பா. மணலில் முழங்கால்கூட மறையாத தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வருகிறது. முன்னால் பழுப்பு நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு. பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிறைந்து, மறுபடி கிளம்புகிறது. யாரோ ஒரு அம்மாள் பூவைத் தூவிக் கும்பிடுகிறாள். சின்னவள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "நாம இருந்தப்ப ஏன் வரலை?" என்றாள்.

ஆடிப்பெருக்கு இந்த வருஷம் ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி ராத்திரி உழவனில் டிக்கெட் போட்டாயிற்று, காத்திருப்போர் பட்டியல்தான். அப்பாவிடம் சொன்னேன். இவர் பக்கத்திலிருந்து, "மாமா, இந்தத் தடவையும் பத்தாயம் உண்டா?" என்றார்.

"உண்டு மாப்பிள்ளை. வாய்க்கால்ல தண்ணி ஓடுனா மோட்டார் எதுக்கு? என் போனும் உள்ள போயிடும்."