"புரிந்ததா?" என்று கேட்டேன்



2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. தானா ராத்தாவில் என் வீட்டு உணவு மேசையே வகுப்பறையாயிற்று. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "புரிந்ததா?" என்று கேட்பேன். "புரிந்தது டீச்சர்!" எனக் கைப்பேசியிலிருந்து விடை வரும். நானும் மனநிறைவோடு திரையை அணைத்துவிடுவேன்.

சூன் 10ஆம் நாள் கட்டுப்பாடு தளர்ந்தபின் என் முன்னாள் மாணவி ஒருத்தி வந்தாள். மருந்தியல் படிப்பவள். மருத்துவமனையில் பெறவேண்டிய பயிற்சி இணையத்திற்கு மாறியதால் தேயிலைத் தோட்டத்து வீட்டிற்குத் திரும்பியிருந்தாள். மலைச்சரிவில் இணையம் அடிக்கடி அறுந்துவிடுமாம். அதே மாதத்தில்தான் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி அமர்ந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. "இங்கேயே இருந்து படியம்மா" என்றேன்.

மருந்துப் பெட்டியைக் கையால் தொடாமல் என்ன பயிற்சி என்று எனக்குள் ஓர் ஐயம். ஒரு நாள் அருகிலிருந்து கவனித்தேன். திரையில் மேற்பார்வையாளர் ஆஸ்துமா நோயாளியாக நடித்தார். இவள் 'பம்பு' பயன்படுத்தும் முறையை அழகாக விளக்கிவிட்டுப் "புரிந்ததா?" என்றாள். அவர் தலையசைத்தார். பின்னர், "இப்போது பாருங்கள்" என்று சொல்லி, மருந்தை முதலில் வாய்க்குள் அழுத்திவிட்டு அதன்பிறகு மூச்சை இழுத்துக் காட்டினார். அப்படிச் செய்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேராது. நாவிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். மெல்ல மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தவேண்டும். பிறகு பத்து விநாடி அளவுக்கு மூச்சை அடக்க வேண்டும்.

மறுமுறை அவள் கேள்வியை மாற்றினாள். "வீட்டில் எப்படிப் பயன்படுத்துவீர்கள்? எனக்குச் செய்து காட்டுங்கள்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்டுவந்த கேள்வி எது?

மறுநாள் என் மாணவர்களிடம், "52இல் 27ஐக் கழித்து, எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றேன். எப்போதும் முதலில் "புரிந்தது" என்று சொல்லும் சிறுவன், "35 டீச்சர்" என்றான். "ஏழிலே ரெண்டு போனா அஞ்சு, அஞ்சிலே ரெண்டு போனா மூணு." கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குப் புரியவே இல்லை. மூன்று மாதங்களாக அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் பொய்யான விடை வரும் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சூலை 22ஆம் நாள் நான்காம் ஆண்டு வரையிலான மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பியபோது, அவனுக்குக் குச்சிகளைக் கட்டிப் பிரித்துக் காட்டி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.

திரை அவளிடமிருந்து மருந்தகத்தைப் பறித்தது உண்மை. நோயாளியின் கையைப் பிடித்துக் காட்டித்தரும் வாய்ப்பை இணையம் தராது. ஆனால், கேட்கும் முறையைக் கற்றுத் தந்தது. அவள் வழியாக எனக்கும்.

பெற்றோர்களே, பிள்ளைகளிடம் "படித்துவிட்டாயா?" என்று கேட்காதீர்கள். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். மருந்தகத்திலும், கேட்டதை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை