வேகமானியின் முகம்

அளவை என்பது நம்பிக்கையின் மற்றொரு பெயர். கடைக்காரரின் தராசும் தையற்காரரின் நாடாவும் மருத்துவரின் வெப்பமானியும் பொய் கூறா என்று நாம் நம்புவதனாலேயே அன்றாட வாழ்க்கை தடையின்றி நடைபெறுகின்றது. மோட்டார் வண்டியில் அத்தகைய நம்பிக்கைக்கு உரியது வேகமானி. பழைய வண்டி ஒன்றின் வேகமானியைத் திருத்தியமைக்க நேர்ந்தபோது எங்கள் இல்லத்தில் எழுந்த வழக்கையும் அது தீர்ந்த வகையையும் அன்பர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

வண்டி எம்.ஜி. டி.சி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டுமே அமரத் தக்கது. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் இவ்வகையில் செய்யப்பெற்றன. வேலூரிலிருந்து பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த என் மாமனார், தம் உழைப்பின் முதற்பயனாக இதனைக் கன்டோன்மென்டில் பழைய வண்டியாக வாங்கினார். இவ்வகை வண்டியில் ஒரு புதுமை உண்டு. ஓட்டுபவருக்கு நேரே இருப்பது இயந்திரத்தின் சுழற்சியைக் காட்டும் கருவி. வேகமானியோ பக்கத்தில் அமர்பவருக்கு நேரே இருக்கும். ஆதலால் வேகத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் அத்தையாரிடம் இருந்தது. ஆங்கிலம் அறியாத அவர் எண்களை மட்டும் அறிவார். “நாற்பது ஆயிற்று, போதும்” என்பார், வண்டி தணியும்.

அத்தையார் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. இப்பொழுது வண்டியை ஓட்ட விரும்புபவள் என் மகள். அவள் எழுப்பிய வினாவே வழக்கின் தொடக்கம். “அப்பா, சாலைப் பலகையில் 50 என்று உள்ளது. முள்ளும் 50இல் நிற்கிறது. ஆனால் நான் சட்டத்தை மீறுகிறேனே!” என்றாள். அவள் கூறியது மெய். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் மைல் படிப்படியாக மறைந்து கிலோமீட்டர் வழங்கலாயிற்று. வண்டியின் வேகமானி மட்டும் மைலிலேயே நின்றுவிட்டது. 50 மைல் என்பது 80 கிலோமீட்டருக்குச் சிறிது மிகுதி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓசூர்ச் சாலையில் இயந்திரம் அலறாமல் ஓடவேண்டும் என்பதற்காகப் பின் அச்சின் பல்சக்கரங்கள் முன்பே மாற்றப்பட்டிருந்தன. 5.125 என்னும் விகிதம் 4.625 ஆயிற்று. வேகமானியின் கம்பியோ கியர் பெட்டியிலிருந்து வருவது. சக்கரம் முன்போலவே உருண்டாலும் கம்பி குறைவாகச் சுழலும். முள்ளும் குறைத்தே காட்டும். முள் 50 மைல் என்னும்போது வண்டி உண்மையில் ஓடுவது 55 மைலுக்கு மேல்; அதாவது 89 கிலோமீட்டர்! இளம் பெண் ஒருத்தி இந்த முள்ளை நம்பி ஓட்டுவதெங்ஙனம்?

இக்காலத்து வேகமானிகள் பலவற்றிற்கு மூலமானது 1902இல் ஓட்டோ ஷுல்ட்சே என்னும் ஜெர்மானியர் உரிமை பெற்ற காந்த முறை. சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தை ஈர்த்துத் திருப்ப, மெல்லிய சுருள்வில் அதனைத் தடுத்து நிறுத்தும். எங்கள் வண்டியின் கருவியோ வேறு இனம். அஃது உண்மையில் ஒரு கடிகாரமே. குறித்த சிறு நேரத்தில் கம்பி எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக் காட்டும்; எனவே அதன் முள் வழுக்கிச் செல்லாது, படிப்படியாகத் தாவிச் செல்லும். கடிகாரத்தைத் திறக்கக் கடிகாரம் அறிந்தவரே வேண்டும். நல்வாய்ப்பாக நம் நகரில் அவர்களுக்குக் குறைவில்லை. 1961இல் ஜப்பானியரின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு இங்கே தொடங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தம் வீட்டு மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் அக்கருவியைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டுத் தந்தார்.

அடுத்து அளவெடுத்தோம். ஒரு மைலில் நூற்றில் ஒரு பங்கு 52.8 அடி. அத்தூரத்தைத் தெருவில் சுண்ணாம்பால் குறித்து, வேகமானியிலிருந்து கழற்றிய கம்பியின் நுனியில் காகிதத் துண்டொன்றைக் கட்டினோம். தெருப் பிள்ளைகள் வண்டியைத் தள்ள, காகிதம் சுழன்ற சுற்றுக்களை மகள் எண்ணினாள். அதனை நூறால் பெருக்கினால் ஒரு மைலுக்கு ஆகும் சுற்று கிடைத்துவிடும். குறையை ஈடுசெய்யக் கம்பியின் நடுவே சிறிய பல்சக்கரப் பெட்டி ஒன்றைப் பொருத்தினோம். முள் மெய் பேசலாயிற்று.

எஞ்சியது முகத்தகடு. ஜே.சி. சாலையில் விசாரித்தபோது ஒருவர், “புதுத் தகடு எழுதித் தருகிறேன், ஓடிய மைல்களையும் பூச்சியமாக்கிவிடலாம், வண்டி புதிதுபோல் ஆகும்” என்றார். இதனைக் கேட்டதும், தொண்ணூறு வயது கடந்த என் மாமனார் நிமிர்ந்து அமர்ந்தார். “மாப்பிள்ளை, முகத்தை வேண்டுமானால் மாற்றுங்கள். அந்த எண்களைத் தொடவேண்டா. நானும் உங்கள் அத்தையும் ஓடியதெல்லாம் ஓடாதது ஆகிவிடுமா?” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. ஓடிய தூரத்தை அழிப்பது பின்னர் வாங்குவோரை ஏமாற்றும் செயலும் ஆகும் என்பதை அன்பர்கள் மறத்தலாகாது.

முடிவில் இவ்வாறு செய்தோம். புதிய தகட்டில் வெளிவட்டத்தில் கிலோமீட்டரும் உள்வட்டத்தில் சிறிய எழுத்தில் மைலும் அமைந்தன. பழைய தகடு துணியில் சுற்றி மாமனாரின் பெட்டியில் வைக்கப்பட்டது. தூரம் காட்டும் எண்கள் தொடப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து மைலாகவே தொடர்கின்றன.

அல்சூர் ஏரிக் கரையில் மகள் முதன்முறை ஓட்டியபோது பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர் அவளுடைய தாத்தாவே. “நாற்பது ஆயிற்று, போதும்” என்றார் அவர். “தாத்தா, இது கிலோமீட்டர்!” என்று அவள் சிரித்தாள்.

ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு செய்தி இருப்பதாகக் கருதுகின்றேன். வாழும் ஊரின் அளவையைக் கற்றே ஆகவேண்டும். அஃது உடன் வாழ்வோர்க்கு நாம் செய்யும் கடமை. ஆனால் வந்த தூரத்தைப் பூச்சியமாக்குதல் அதற்குத் தேவையே இல்லை.