வெயில் ஊரில் ஒரு சூட்டுப் பெட்டி

மருமகன் சூடேற்றும் பெட்டியொன்று செய்கிறான் என்று தங்கை தொலைபேசியில் சொன்னபோது சிரித்துவிட்டேன். கச்சான் வீசும் மாதங்களில் நடுப்பகலில் செருப்பின்றி நிற்க முடியாத ஊர் திருகோணமலை. அங்கே எதற்குச் சூட்டுப் பெட்டி? தங்கை சிரிக்கவில்லை. அவளுடைய காப்புச் சோடி அடகில் இருந்தது.

ஜனவரியில் போய் இறங்கினேன். வாடை மழை ஓயவில்லை. டச்சுக் குடாவை அண்டிய வீட்டின் பின் விறாந்தையில் எட்டடி நீளப் பலகைப் பெட்டி கிடந்தது. பார்த்தவுடன் மனத்தில் தோன்றிய உவமையைத் தங்கையிடம் சொல்லவில்லை.

மருமகன் படகு திருத்துபவன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகளில் பிழைத்த தொழில் அது. இப்போது அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்குப் பலகை செய்கிறான். படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் பிசின் ரெஜிபோமைக் கரைத்துவிடும், ஆகவே எப்பொக்சி. 2005 டிசம்பரில் கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் தொழிற்சாலை திடீரென மூடப்பட்டு, பழைய வகை நுரைக்கட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபின் உலகெங்கும் பலர் இந்த வழிக்குத் திரும்பினர்.

சென்ற ஆண்டு அவன் செய்த முதற் பலகை, வான் கூரையில் கட்டிப் பொத்துவில் போய்ச் சேர்வதற்குள் கயிறு பதிந்த இடமெல்லாம் குழிந்துவிட்டது. வாங்க வந்தவர் திருப்பி அனுப்பினார். சாதாரண அறைச்சூட்டில் இறுகிய எப்பொக்சி, அதைவிடச் சற்றே கூடிய வெப்பத்தில் நெகிழத் தொடங்கிவிடும். வெயிலைத் தாங்க வேண்டுமானால், வெயிலுக்கு முன்னரே அவ்வளவு சூட்டை அது கண்டிருக்க வேண்டும்.

"அப்ப வெயிலிலேயே வைக்கலாமே?" என்றேன்.

"வெயில் ஒரு பக்கந்தானே மாமா சுடும். பலகை முறுக்கிப்போடும்."

பெட்டியின் உட்புறம் ரெஜிபோம் தகடு, அதன்மேல் ஈயத்தாள். அடியில் 60 வாட் மின்குமிழ்கள் ஆறு. எல்லாக் கடைகளிலும் எல்ஈடி வந்துவிட்ட காலத்தில் பழைய இழைக்குமிழ் தேடி அவன் அலைந்திருக்கிறான். அவை தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போகும். சூட்டைச் சுழற்றக் கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி. கோழிமுட்டை அடைவைக்கும் பெட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. இலக்கு 50 பாகை, எட்டு மணி நேரம். மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும். 80 பாகையை அண்டினால் உள்ளிருக்கும் ரெஜிபோமே உருக்குலையும்.

முதல் இரவு ஒரு மணிக்குக் கருகல் நாற்றம். குமிழொன்று சரிந்து சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளங்கையளவு கரிய ஓட்டை. அவன் வயரைப் பிடுங்கினான். இன்னும் பத்து நிமிடம் தூங்கியிருந்தால் விறாந்தை மிஞ்சியிராது. தங்கை கதவடியில் நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் குமிழ்களை இரும்புச் சட்டத்தில் இறுக்கி, மேலே தகரத் தட்டு மறைத்தோம். அன்றிரவு முழுவதும் நான் காவல். பத்திரிகையில் இரவுப் பணி பார்த்த உடம்பு, விழிப்பதொன்றும் புதிதல்ல. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின் நின்ற நாட்கள்தான் நினைவில் வந்துகொண்டிருந்தன. அன்று மின் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் வெயில் எறித்தது. பலகையைக் கயிற்றால் இறுகக் கட்டிச் சீமெந்து முற்றத்தில் இரண்டு மணிவரை போட்டிருந்தான். அவிழ்த்தபோது தடமில்லை. தங்கை வந்து பெருவிரலால் அழுத்தினாள். அதே இடத்தில் மறுபடியும் அழுத்தினாள்.

"காப்பு எப்ப வரும்?"

"சித்திரைக்குள்ள, அம்மா."